புதுச் சுவரில் பழைய சுண்ணாம்புச் சுவரின் சாயல்: கிளேஸ் பூசும் முறை

கும்பகோணம் பக்கம் எங்கள் தாத்தா வீட்டில், ரேழியைத் தாண்டினால் கூடத்தில் ஒரு சுவர் இருக்கும். வெள்ளை என்றும் சொல்ல முடியாது, மஞ்சள் என்றும் சொல்ல முடியாது. விளக்கு மாடத்துக்கு மேலே அகல் புகை ஏறி ஏறி ஒரு சாண் உயரத்துக்குப் பழுப்பு படிந்திருக்கும். தாத்தா தினமும் சாய்ந்து உட்காரும் இடத்தில் தலை எண்ணெய் இறங்கி வட்டமாக ஒரு கறை. தரையை ஒட்டி முழங்கால் உயரம் வரை ஓதம் ஏறி இறங்கிய தடங்கள், ஒரு மூலையில் சுண்ணாம்பு உரிந்து, எந்தக் காலத்திலோ யாரோ அடித்த நீலம் உள்ளிருந்து தெரியும். அந்த வீடு இப்போது இல்லை. அந்தச் சுவரின் சாயலையாவது என் ஃபிளாட் ஹாலில் கொண்டுவர வேண்டும் என்று ஆசைப்பட்டுத்தான் இந்த வேலையைக் கற்றுக்கொண்டேன். இரண்டு சுவர்கள் சரியாக வரவில்லை, மூன்றாவது வந்தது. அதற்குப் பிறகு உறவினர் வீடுகளில் நாலைந்து சுவர்கள் செய்து கொடுத்திருக்கிறேன், ஆக இங்கே எழுதுவதெல்லாம் கையால் செய்து பார்த்தது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீடே பழைய சுண்ணாம்புக் காரை வீடாக இருந்தால் இதைச் செய்யாதீர்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும் சுவர். அதன்மேல் எமல்ஷன் பெயிண்டும் கிளேஸும் பூசி மூடினால் உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லாமல் ஒரு மழைக்காலத்திலேயே பொரிந்து உதிரத் தொடங்கும். அந்தச் சுவருக்கு நல்ல சுண்ணாம்பை நீர்க்கக் கரைத்து நாலைந்து தடவை அடிப்பதுதான் மரியாதை. நான் சொல்லப்போவது சிமென்ட் பூச்சு, அதை மட்டமாக்கும் பட்டி (வால் புட்டி), எமல்ஷன் என்று இருக்கும் இன்றைய சுவர்களுக்கு, ஏனென்றால் எமல்ஷன் அடித்த சுவரில் சுண்ணாம்பு ஒட்டாது, தொட்டால் கையோடு வந்துவிடும்.

சரி, கிளேஸ் என்றால் என்ன? கண்ணாடி போல ஒளி ஊடுருவும் ஒரு திரவத்தில் கொஞ்சமாக நிறம் கலந்தது, அவ்வளவுதான். சாதாரண பெயிண்ட் கீழே இருப்பதை மறைக்கும், கிளேஸ் மறைக்காது. வெளிச்சம் அதன் வழியாக உள்ளே போய் அடிநிறத்தில் பட்டுத் திரும்பி வருகிறது, அதனால்தான் சுவருக்கு ஆழம் இருப்பதுபோல் கண்ணுக்குப் படுகிறது. பழைய சுண்ணாம்புச் சுவரிலும் கிட்டத்தட்ட இதுதான் நடக்கிறது. நீர்த்த சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து மறுபடி கல்லாக மாறும்போது நுண்ணிய படிகங்கள் உண்டாகின்றன. பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடித்த வீட்டில் நாற்பது வருஷத்தில் நாற்பது மெல்லிய அடுக்குகள் சேர்ந்துவிடும், வெளிச்சம் அந்த அடுக்குகளுக்குள் கொஞ்சம் புகுந்துதான் திரும்பும். ஒரே நிறத்தைக் கெட்டியாக அடித்தால் இந்தச் சாயல் வரவே வராது என்பதற்கும், மெல்லிய பூச்சாக மூன்று நான்கு அடுக்கு போட்டால் வருவதற்கும் காரணம் இதுதான்.

பெயிண்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் ஒரு நாள் ஒதுக்கி, நிஜமான பழைய சுவர் ஒன்றைப் போய்ப் பாருங்கள். ஊர்க் கோயில் மடப்பள்ளிச் சுவர், பழைய சத்திரம், காரைக்குடிப் பக்கத்து வீடுகளின் பின்கட்டு, எதுவானாலும் சரி. செட்டிநாட்டு வீடுகளின் முன்கட்டில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்த பூச்சு கண்ணாடி மாதிரி பளபளக்கும், அது வேறு அழகு, நமக்கு வேண்டியது அதுவல்ல. பின்கட்டுச் சுவரில் கறை எங்கே இருக்கிறது, ஏன் அங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். கீழே கருமை இருந்தால் அது தரையிலிருந்து ஏறிய ஈரம். ஜன்னலின் இரண்டு கீழ் மூலைகளிலிருந்தும் கோடு இறங்கினால் அது மழைச்சாரல் வழிந்த தடம். கதவு நிலைக்குப் பக்கத்தில் இடுப்புக்கும் தோளுக்கும் நடுவே மழமழவென்று மங்கியிருந்தால் அது பல வருஷமாகக் கை பட்ட இடம். பீரோ நின்ற இடம் மட்டும் வெளிறிப் புதிதாக இருக்கும். ஒவ்வொரு கறைக்கும் ஒரு காரணம் இருக்கிறது. நாம் செய்யும் சுவர் பொய்யாகத் தெரிவதற்குக் காரணமே, சுவர் முழுக்க ஒரே அளவில் திட்டுத்திட்டாகப் போட்டுவிடுவதுதான், என் முதல் இரண்டு சுவர்களிலும் அந்தத் தவறு இருந்தது.

இப்போது சுவரைத் தயார் செய்வது. ஓதம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஓரடிச் சதுரப் பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் முழுக்க விடுங்கள். தாளின் உள்பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது, அதைச் சரி செய்யாமல் மேலே எந்த வேலையும் தொடங்க வேண்டாம். உப்புப் பூத்திருந்தால் உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள், தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போய்விடும். புதுச் சிமென்ட் பூச்சு என்றால் 28 நாளாவது ஆறட்டும். பழைய எனாமல் பெயிண்ட் இருந்து அதைத் தேய்க்க வேண்டி வந்தால் தூளில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு, அதனால் உலர்வாகத் தேய்க்காமல் நனைத்துத் தேய்த்து, நல்ல மாஸ்க் போட்டு, குழந்தைகளை அந்தப் பக்கம் விடாமல் செய்யுங்கள்.

அப்புறம் பட்டி. வழக்கமாகப் பட்டி பார்க்கும் பெயிண்டர் கண்ணாடி போல இழுத்துவிடுவார், அது அவருடைய திறமை. இந்த ஒரு சுவருக்கு மட்டும் கொஞ்சம் மேடுபள்ளம் வேண்டும் என்று அவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள், இல்லை நீங்களே செய்யுங்கள். ஆறங்குல பட்டித் தகட்டை எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டி வைத்து, ஒரு இழுப்பு மேலே, அடுத்தது சாய்வாக, அடுத்தது எதிர்ப்பக்கம் என்று திசை மாற்றி மாற்றி இழுங்கள். ஒரு மில்லிமீட்டர் கனம் போதும். அங்கங்கே தகட்டின் விளிம்பு விட்ட கோடு நின்றால் நிற்கட்டும். காய்ந்ததும் 180 நம்பர் உப்புத்தாளால் கூர்மையான மேடுகளை மட்டும் தேய்த்துவிட்டு, தூளை ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, ஒரு கோட் பிரைமர் அடியுங்கள். தடவிப் பார்த்தால் கைக்குத் தெரிய வேண்டும், தூரத்திலிருந்து கண்ணுக்குத் தெரியக் கூடாது, அந்த அளவு மேடுபள்ளம்தான் சரி.

அடிநிறத்துக்கு மேட் எமல்ஷன் வாங்காதீர்கள். மேட் கிளேஸை உறிஞ்சிவிடும், துணியால் துடைக்கவே நேரம் கொடுக்காது, பட்ட இடத்திலேயே கறையாக நின்றுவிடும். லேசான பளபளப்பு உள்ள சாஃப்ட் ஷீன் அல்லது சாட்டின் எமல்ஷன் கேட்டு வாங்குங்கள். நிறம், உங்களுக்குக் கடைசியில் வேண்டிய நிறத்தைவிட இரண்டு படி வெளுப்பாக இருக்கட்டும். மேலே வரும் ஒவ்வொரு அடுக்கும் கருமையைக் கூட்டும். நான் பழைய வேட்டியின் நிறம் என்று சொல்லும் ஒரு வெள்ளை இருக்கிறது, துளி மஞ்சள் ஓடிய வெள்ளை, அதைத்தான் எப்போதும் எடுப்பேன். இரண்டு கோட் அடித்து ஒரு நாள் முழுக்கக் காய விடுங்கள்.

உரிந்த இடத்தில் உள்நிறம் தெரிய வேண்டும் என்றால் அதற்கான வேலை இந்த வெள்ளை அடிநிறம் அடிப்பதற்கு முன்னால்தான். உள்ளே தெரிய வேண்டிய நிறத்தை முதலில் அடியுங்கள். நம் வீடுகளில் வெளிர் நீலமும் ஒருவகைப் பச்சையும்தான் பொருத்தமாக இருக்கும், சுண்ணாம்பில் நீலம் கலந்து அடித்த வழக்கம் நமக்கு இருந்தது. அது காய்ந்ததும் சாதாரண மெழுகுவர்த்தியைப் படுக்கைவாட்டில் பிடித்து, உரிய வேண்டிய இடத்தில் மட்டும் அழுத்தித் தேய்த்துவிட்டு, மேலே வெள்ளை அடிநிறத்தை அடித்துக் காய விடுங்கள். பிறகு பட்டித் தகட்டால் சுரண்டினால் மெழுகு இருந்த இடத்தில் மேல்பூச்சு செதில் செதிலாக எழும்பி வரும், விளிம்பு நிஜமாக உரிந்தது போலவே கோணல்மாணலாக இருக்கும். ஒரு சுவருக்கு இரண்டு இடம் போதும், உள்ளங்கை அளவில் ஒன்று, கட்டைவிரல் அளவில் ஒன்று. மீதி மெழுகை வெந்நீரும் சோப்பும் போட்டுத் துடைத்தெடுக்காவிட்டால் அந்த இடத்தில் கிளேஸ் ஒட்டாமல் விலகி ஓடும், இதை மறக்க வேண்டாம்.

கிளேஸ் கலக்குவதற்கு வருவோம். பழைய ஐரோப்பிய முறையில் ஆளிவிதை எண்ணெயும் டர்பென்டைனும் கலந்து செய்தார்கள். மெதுவாகக் காயும், நிதானமாக வேலை செய்யலாம், அதெல்லாம் உண்மை. ஆனால் போகப்போக மஞ்சளாகிவிடும், வாடை நாள்கணக்கில் போகாது. எல்லாவற்றையும்விட, ஆளிவிதை எண்ணெய் ஊறிய துணியைக் கசக்கிக் குவித்துப் போட்டால் அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக் கூடியது. வீட்டில் செய்பவர்களுக்கு நான் அதைச் சொல்லவே மாட்டேன். தண்ணீரில் கரையும் அக்ரிலிக் கிளேஸிங் மீடியம், அதாவது நிறம் கலக்காத அந்த ஒளி ஊடுருவும் திரவம், ஓவியப் பொருள் விற்கும் பெரிய கடைகளிலும் ஆன்லைனிலும் கிடைக்கிறது. அளவு இதுதான்: மீடியம் 4 பங்கு, உங்கள் நிறத்தில் எமல்ஷன் 1 பங்கு, தண்ணீர் அரைப் பங்கிலிருந்து 1 பங்கு வரை. 10 அடி உயரம் 12 அடி அகலம் உள்ள சுவருக்கு ஒரு அடுக்குக்கு ஒரு லிட்டர் கலந்துகொண்டால் போதும், மிஞ்சும். மிஞ்சுவதுதான் நல்லது, பாதியில் தீர்ந்துபோய் மறுபடி கலந்தால் அதே நிறம் திரும்ப வராது.

நிறத்துக்கு ஸ்டெயினர் சின்ன பாட்டிலில் கிடைக்கும். மஞ்சள் காவி, செங்காவி, அம்பர் என்ற பழுப்பு, இந்த மூன்று போதும். கறுப்பு வாங்கவே வேண்டாம், கறுப்பு கலந்த கிளேஸ் சுவரில் அழுக்காகத் தெரியும், பழமையாகத் தெரியாது. காவி நிறங்கள் நம் மண்ணிலேயே இருக்கும் இரும்பு ஆக்சைடு, பழைய சுவர்களின் பழுப்பும் பெரும்பாலும் மண்ணும் புகையும் படிந்ததுதான், அதனால் கண் அதை உடனே நம்பிவிடுகிறது. ஸ்டெயினரை வெள்ளை எமல்ஷனில் சொட்டுச் சொட்டாக விட்டு நிறம் கொண்டுவந்து, பிறகு அந்த எமல்ஷனை மீடியத்தில் சேருங்கள். ஸ்டெயினர் தனியாகக் காயும் பொருள் இல்லை, அளவு மீறிப் போட்டால் சுவர் நாள்கணக்கில் பிசுபிசுக்கும். மெதுவாகக் காயட்டும் என்று கிளிசரின் சேர்க்கச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். கிளிசரின் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், சென்னை, நாகப்பட்டினம் மாதிரி கடலோர ஊரில் அது ஆகாது.

சுவரில் கை வைப்பதற்கு முன் ஒரு பிளைவுட் துண்டில் அல்லது ஹார்ட்போர்டில் அதே பிரைமர், அதே அடிநிறம் அடித்து எல்லா அடுக்கையும் ஒரு முறை போட்டுப் பாருங்கள். அதைச் சுவரில் சாய்த்து வைத்துக் காலை வெளிச்சத்திலும் இரவு டியூப் லைட்டிலும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். மஞ்சள் காவி இரவில் வெள்ளை எல்இடி வெளிச்சத்தில் பச்சையாக அடிக்கும், அப்படித் தெரிந்தால் துளி செங்காவி சேர்த்தால் சரியாகிவிடும்.

இனி பூசுவது. நம் ஊரில் இந்த வேலைக்கு எதிரி வெயில்தான். கிளேஸ் ஈரமாக இருக்கும் கால் மணி நேரத்துக்குள்தான் அதைத் துடைக்கவும் கலைக்கவும் முடியும், மே மாதத்தில் ஃபேன் ஓடும் அறையில் அந்தக் கால் மணி ஐந்து நிமிஷமாகிவிடும். காலை ஆறு மணிக்குத் தொடங்குங்கள். ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, செடிக்குத் தெளிக்கும் ஸ்பிரே பாட்டிலில் தண்ணீர் வைத்துக்கொண்டு, பூசப்போகும் இடத்தில் பனி படிந்தாற்போல லேசாகத் தெளித்துவிட்டுப் பூசுங்கள். முடிந்தால் இரண்டு பேராகச் செய்யுங்கள், ஒருவர் பூச, இன்னொருவர் பின்னாலேயே துணியால் துடைத்து வர வேண்டும். என் வீட்டில் நானும் அக்காவும் செய்தோம், அக்கா கைதான் துடைப்பதற்கு வாகு.

துணிக்கு மெக்கானிக் கடைகளில் கை துடைக்க வைத்திருக்கும் பனியன் வேஸ்ட்டை வாங்குங்கள், கிலோ கணக்கில் விற்பார்கள். வெள்ளையாகப் பார்த்து எடுத்து, ஒரு முறை துவைத்துக் காயவைத்துவிடுங்கள், சாயமும் நூலும் சுவரில் ஒட்டக் கூடாது.

நாலங்குல பிரஷ்ஷால் மூன்றடி அகலத்துக்கு ஒரு திட்டாகப் பூசுங்கள், குறுக்கும் நெடுக்குமாக, பெருக்கல் குறி போடுவது போல. திட்டின் விளிம்பு நேராக இருக்கவே கூடாது, மேகம் மாதிரி, குளக்கரை மாதிரி வளைந்து போகட்டும். உடனே துணியைக் கசக்கிப் பந்தாக்கி, ஒற்றி ஒற்றி எடுங்கள், ஒவ்வொரு ஒற்றலுக்கும் மணிக்கட்டைக் கொஞ்சம் திருப்புங்கள், இல்லாவிட்டால் ஒரே அச்சு வரிசையாக விழும். விளிம்பில் நாலு விரற்கடை அளவு மட்டும் துடைக்காமல் ஈரமாக விட்டுவிட்டு, அடுத்த திட்டை அதன்மேல் ஏற்றிப் பூசி, இரண்டும் சேரும் இடத்தைக் காய்ந்த பிரஷ்ஷின் நுனியால் மெல்லத் தட்டிக் கலையுங்கள். ஒரு மூலையில் தொடங்கினால் அடுத்த மூலை வரும்வரை நிறுத்தக் கூடாது. எனக்கு முதல் சுவரில் பாதியில் கேஸ் சிலிண்டர் வந்தது, போய் வாங்கி வைத்துவிட்டு வந்தேன், பத்து நிமிஷம்கூட இருக்காது. அந்த இடத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு விழுந்துவிட்டது, அடுத்த அடுக்குகள் எதுவும் அதை மறைக்கவில்லை. இரண்டு அடுக்கு பூசிய பிறகு அந்தச் சுவரை மறுபடி வெள்ளையாக்கித் தொடங்க வேண்டியதாயிற்று.

முதல் அடுக்கு மஞ்சள் காவி, மிக வெளுப்பாக, சுவர் முழுக்க. நான்கு மணி நேரமாவது காயட்டும், ஐப்பசி கார்த்திகையில் என்றால் மறுநாள்தான். இரண்டாவது அடுக்கு அம்பர், அதில் துளி செங்காவி. இதைச் சுவர் முழுக்கப் பூசாதீர்கள், நீங்கள் போய்ப் பார்த்த பழைய சுவரை நினைவுக்குக் கொண்டுவர வேண்டியது இங்கேதான். தரையிலிருந்து இரண்டடி வரை, அதுவும் ஒரே மட்டமாக இல்லாமல் ஓரிடத்தில் ஒன்றரை, இன்னோரிடத்தில் இரண்டரை என்று ஏற்ற இறக்கமாகப் பூசுங்கள். மேல் விளிம்பைத் துடைக்காமல் தண்ணீர் தெளித்துக் கரைய விடுங்கள், ஈரம் காய்ந்து நின்ற தடம் தானாக வரும். ஜன்னல் மூலையில் பிரஷ்ஷைத் தண்ணீரில் நனைத்து அழுத்தினால் இரண்டு சொட்டு வழியும், வழியட்டும், பாதி தூரம் போனதும் துணியால் மெல்ல ஒற்றிவிடுங்கள். சுவரில் நிஜமாகவே விளக்கு மாட்டும் இடம் இருந்தால் அதற்கு மேல் மட்டும் விரலால் தொட்டு மேல்நோக்கி இழுத்துப் புகை ஏற்றுங்கள். இல்லாத விளக்குக்குப் புகை வேண்டாம். சோபா சாய்ந்து நிற்கும் சுவர் என்றால் தலை படும் உயரத்தில் ஒரு வட்டம், தெரிந்தும் தெரியாமலும் இருக்கும்படி. என் ஹால் சுவரில் அதைப் போட்டேன். பார்ப்பவர்கள் கவனிப்பதில்லை, அம்மா மட்டும் வந்த அன்றைக்கே அதன் முன்னால் நின்றுவிட்டாள்.

மூன்றாவது அடுக்கைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள், சுவருக்கு உயிர் வருவதோ அதில்தான். அடிநிற வெள்ளையை எடுத்துக்கொண்டு, மீடியம் 4 பங்கு, வெள்ளை அரைப் பங்கு, தண்ணீர் 1 பங்கு கலந்து, மோர் போல நீர்க்க இருக்கும் அந்தக் கலவையைச் சுவரில் முக்கால்வாசி இடத்தில் பூசி, பூசிய வேகத்திலேயே பெரும்பாலானதைத் துடைத்து எடுத்துவிடுங்கள். பட்டி இழுத்தபோது விழுந்த பள்ளங்களில் மட்டும் வெள்ளை தங்கும், மேடுகளில் காவி தெரியும். இரண்டாவது அடுக்கு வரை சுவர் தேநீர் கொட்டியது போலத்தான் இருக்கும், பயந்துவிடாதீர்கள். இந்தப் பால் அடுக்கு போட்ட பிறகு எல்லாம் உள்ளே அமுங்கி, சுண்ணாம்புப் பொடி படிந்த மாதிரி ஆகிவிடும். எங்காவது கருமை அதிகமாகிவிட்டால் அங்கே காய்ந்த பிறகு இதையே இன்னொரு தடவை போடலாம்.

ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவே எதிர்ச்சுவர் வரை பின்னால் போய் நின்று பாருங்கள். கைப்பேசி டார்ச்சைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் எங்கே வரிசையாக அச்சு விழுந்திருக்கிறது என்று உடனே தெரியும். போதுமா, இன்னும் கொஞ்சமா என்று சந்தேகம் வந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். நான் சரி செய்யப் போய்க் கெடுத்த இடங்கள்தான் அதிகம்.

மேல்பூச்சு எல்லாச் சுவருக்கும் தேவையில்லை. ஹாலில், படுக்கையறையில் அப்படியே விட்டுவிடலாம். சமையலறைக்குப் பக்கத்தில் இருந்தாலோ குழந்தைகள் கை படும் இடமாக இருந்தாலோ மூன்று நான்கு நாள் கழித்து, தண்ணீரில் கரையும் மேட் கிளியர் கோட் ஒன்று மெல்லிசாக அடியுங்கள். மேட்டா என்று டப்பாவைப் படித்துப் பார்த்து வாங்குங்கள், பளபளப்பான கிளியர் ஒரே கோட்டில் அத்தனை வேலையையும் பிளாஸ்டிக் தாள் ஒட்டியது போல ஆக்கிவிடும். முதலில் அந்தச் சோதனைப் பலகையில் அடித்துப் பார்த்துவிட்டுச் சுவருக்கு வாருங்கள்.

மிஞ்சிய மூன்று கிளேஸையும் தனித்தனி ஊறுகாய் பாட்டிலில் விளிம்பு வரை நிரப்பி, இறுக மூடி, எது எத்தனையாவது அடுக்கு என்று எழுதி ஒட்டி வெயில் படாத இடத்தில் வையுங்கள். நாளைக்கு ஆணி அடித்துப் பிடுங்கிய ஓட்டையை அடைக்க வேண்டி வந்தால், பட்டி வைத்து, அடிநிறம் தொட்டு, முதல் பாட்டிலில் ஆரம்பித்து வரிசையாக விரல் நுனியால் ஒற்றினால் போதும்.